பட்டாளத்தாரின் ஐந்து ஏக்கர்

கொழும்பில் இரண்டாம் உலக யுத்தத்தை இன்னும் முடிக்காமல் வைத்திருந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் வெள்ளவத்தையில், எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டோடு ஒட்டிய அனெக்ஸில் குடியிருந்தார்.

பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் ஒழுங்கையில் யாருக்கும் தெரியாது. பட்டாளத்தார் என்றால் தபால்காரருக்கும் தெரியும். அவர் பட்டாளத்துக்குப் போனவரல்ல; தீபாவளிக்குப் பட்டாசு வெடித்தால் கட்டிலுக்குக் கீழே போகிற ஆள். போனவர் அவருடைய அப்பப்பா. வெள்ளைக்காரனுக்காகக் கப்பலேறிப் பாலைவனத்தில் பாதை வெட்டியவருக்கு, சண்டை முடிந்ததும் ஐந்து ஏக்கர் காணி தருவதாக எழுதிக் கொடுத்தார்களாம். அப்படியொரு காணியை வீட்டில் யாரும் கண்ணால் கண்டதில்லை. அப்பப்பா அதைப் பற்றி வாய் திறக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார். பேரன் இருபது வருடமாக அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒருமுறை நானும் கூடப் போய் மாட்டிக்கொண்டேன். கந்தோரில் அனுமார் வால் போல வரிசை. சுவரில், யுத்த வீரர் குடும்பங்களுக்கு முன்னுரிமை என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். பட்டாளத்தார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நேரே முன்னால் போனார்.

"யுத்த வீரர் குடும்பம்" என்றார் சிங்களத்தில்.

இங்கே அந்தச் சொல்லுக்குப் புலிகளோடு சண்டை பிடித்த இராணுவத்தினர் என்றுதான் அர்த்தம். நெற்றியில் மூன்று குறி திருநீறு, வாயில் யாழ்ப்பாணத்துச் சிங்களம். மேசைக்குப் பின்னாலிருந்த லிகிதர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"மொன யுத்தெத?" எந்த யுத்தம் என்று கேட்கிறார்.

"ஹிட்லரோட நடந்தது!"

கந்தோர் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பிறகு அந்த லிகிதர் எழுந்து நின்று, தன்னுடைய கதிரையையே அவருக்குத் தூக்கிக் கொடுத்தார். அன்று முதலாம் நம்பர் எங்களுக்குத்தான். வெளியே வந்து ஒரு சோடா குடித்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

காணிக்கு உரிமைக்காரர் இவரோடு சேர்த்துப் பதினேழு பேர். மற்றப் பதினாறு பேரும் டொரோண்டோ, லண்டன், பாரிஸ் என்று சிதறிக் கிடந்தார்கள். பட்டாளத்தார் எல்லாரையும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தார். அலைய யாருக்கும் நேரமில்லை. ஆகவே தங்களுக்காக அவர் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் அற்றோனித் தத்துவத்தை ஆளாளுக்கு எழுதி அனுப்பிவிட்டார்கள். சண்டை பிடிக்க மட்டும் நேரமிருந்தது. காணி எந்தத் திக்கில் இருக்கிறதென்றே தெரியாது, கிணறு தன் பங்குக்குள் வரவேண்டும் என்று டொரோண்டோ மச்சான் ஒற்றைக்காலில் நின்றார். லண்டன் மச்சாள் வாஸ்து பார்த்து வாசலைக் கிழக்கே வைத்தாள். இல்லாத வேலிக்காக இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்தின.

இதற்கிடையில் அனெக்ஸ் சொந்தக்காரர் வளவை மாடிவீடு கட்டுபவர்களுக்கு விற்றுவிட்டார். மாதக் கடைசிக்குள் வெளியேற வேண்டும். கலியாணம் கட்டாத அறுபத்தெட்டு வயது மனிதர், கையில் ஓய்வூதியம் மட்டும். வெள்ளவத்தையில் அதற்கு ஒரு குளியலறைகூட வாடகைக்குக் கிடைக்காது.

"காணி வரும் தம்பி. ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு போய் இருந்திடுவன்" என்றார்.

வராது என்று எனக்குத் தெரியும். சொல்ல மனம் வரவில்லை.

வந்தது! விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம். என் காரில்தான் கூட்டிப் போனேன். அதிகாரி ஒரு முஸ்லிம் பெண்மணி. பழைய பதிவேடு ஒன்றை விரித்து வைத்திருந்தார்.

"ஒங்கட அப்பப்பாக்கு அந்தக் காலத்திலேயே காணி குடுத்தீக்கி. வவுனியாவுக்கு அங்கால. இன்னும் அவர்ட பேர்லதான் ஈக்குது. நீங்க சைன் வெச்சா ஒங்களுக்குத்தான்."

பட்டாளத்தார் பேயறைந்தவர் போல இருந்தார்.

"ஒரு விசயம். காணியில வேற ஆக்கள் ஈக்கிறாங்க. பத்திரம் ஒண்டுமில்ல, எழுப்பி அனுப்பலாம். அங்க ஈக்கிற பொம்புளயும் வந்தீக்கி."

வாசலில் போட்டிருந்த வாங்கில் உட்கார்ந்தபடி ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர். பட்டாளத்தாருடையதைப் போலவே ஒரு நைந்த கோப்பு மடியில். உள்ளே வந்து இரண்டு கையாலும் கும்பிட்டார்.

"நாங்க தேயிலத் தோட்டத்து ஆளுங்கய்யா, இந்தியாவுல இருந்து வந்தவங்க. எங்க தாத்தாவும் ஒங்க தாத்தாவும் ஒண்ணாத்தான் சண்டைக்குப் போனாங்க. எங்க தாத்தா கப்பல்லயே செத்துட்டாரு. பாட்டிக்கு மூணு பிள்ளைங்க. ஒங்க தாத்தாதான் இந்தக் காணியில கொண்டாந்து வச்சாரு. பாட்டிக்குப் பிரஜாவுரிமை இல்லன்னு அவங்க பேருக்கு எழுத முடியலங்கய்யா."

கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அப்பப்பாவின் கையெழுத்து. 'காணி என் பேரில் இருந்தாலும் உங்களுடையது. என் பிள்ளைகள் கேட்டு வந்தால் இதைக் காட்டுங்கோ.'

"நாங்களும் பத்திரங் கேட்டு அலையிறோம். இத விட்டுட்டு எங்கிட்டுங்கய்யா போறது?"

உண்மையைச் சொல்கிறேன். நானென்றால் தாளைப் பார்க்காத மாதிரி இருந்திருப்பேன். மாதக் கடைசிக்கு ஆறு நாள்தான் இருந்தது. பட்டாளத்தார் அந்த நாலு வரியை நாலைந்து தரம் வாசித்தார். பிறகு அதிகாரியைப் பார்த்தார்.

"இவைக்கு எழுதிக் குடுக்க நான் எங்க கையெழுத்துப் போடவேணும்?"

"அண்ணை!" என்று நான் கத்தியே விட்டேன்.

"சும்மா இரும். அந்தாள் குடுத்ததை நான் பறிக்கிறதே?"

தனக்கும், அற்றோனித் தத்துவத்தின்படி மற்றப் பதினாறு பேருக்குமாகப் பதினேழு கையெழுத்துப் போட்டார். அந்தப் பெண் அவர் காலில் விழப்போக, இவர் பட்டாசுச் சத்தம் கேட்டதுபோல் துள்ளி விலகினார்.

ஒரு மணித்தியாலத்துக்குள் குழு பற்றி எரிந்தது. டொரோண்டோ மச்சான் இவரைத் துரோகி என்றார். லண்டன் மச்சாள் அழுது ஒலிப்பதிவு போட்டாள். பிறகு ஒவ்வொருவராக வெளியேறி, கடைசியில் குழுவில் பட்டாளத்தார் மட்டும் மிஞ்சினார்.

திரும்பி வரும்போது எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"இனி எங்க போய்ப் படுக்கப் போறியள், அண்ணை?"

"ஏன் தம்பி, உம்மட முன் அறை சும்மாதானே கிடக்குது?"

பாமன்கடைச் சந்தியில் நான் போட்ட பிரேக்கில், பின்னால் வந்த முச்சக்கரவண்டிக்காரன் என் பரம்பரையையே இழுத்துத் திட்டினான்.

இரண்டு வருடமாகிறது. விடிய ஐந்து மணிக்கே எங்கள் முன் அறையில் பட்டாளத்தாரின் லெஃப்ட் ரைட் நடை தொடங்கிவிடும். என் மனைவி திட்டிக்கொண்டே அவருக்குச் சீனி குறைத்துத் தேத்தண்ணீர் ஊற்றுகிறாள். அவரைப் போகச் சொல்வதற்கு நானும் ஒரு நல்ல நாள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். எந்தப் பஞ்சாங்கத்திலும் அகப்படவில்லை.