ஐம்பத்திரண்டு வெள்ளிக் கைகள்

தொழிலாளரின் விரல்களை உயிரினும் மேலாக நேசித்த முதலாளிகள் உலக வரலாற்றில் மூன்றே பேர். முதல் இருவரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. மூன்றாமவர், கொடும்பாளூர் பக்கம் மிளகாய்த்தூள் ஆலை நடத்தும் கணபதி அவர்கள்.

அந்த ஆலையில் ஒன்பது வருஷமாக அரவை மெஷினில் மிளகாய் கொட்டுகிறவள் சின்னப்பிள்ளை. மெஷினை ஓட்டும் பெல்ட் அவள் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி, மூடி இல்லாமல் ஓடும். போன மாதம் அது அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துவிட்டது. மெஷினை நிறுத்துவதற்குள் பாதிச் சேலை போயிற்று, கை தப்பியது. அன்றிலிருந்து பெல்ட் சத்தம் கேட்டாலே அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்வாள்.

செய்தி கேட்டு முதலாளி பதறிப்போனார். பதறிய வேகத்தில் சென்னைக்குப் போய், ஏசி ஓட்டலில் மூன்று நாள் 'பாதுகாப்பான பணிக் கலாச்சாரம்' பயின்று திரும்பினார். ஐம்பத்திரண்டு தொழிலாளரையும் கூட்டினார். இனி யாரும் பயப்படக் கூடாது, மனம் திறந்து பேச வேண்டும், பேசாதவர்கள் மேல் நடவடிக்கை எடுக்கப்படும் என்று அன்போடு அறிவித்தார்.

சின்னப்பிள்ளை எழுந்தாள். "பெல்ட்டுக்கு ஒரு மூடி போட்டுக் குடுங்கய்யா. பயந்து பயந்து வேலை பாக்குறோம்."

மேனேஜர் ரகுநாத் கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். அவளுடைய 'பயம்' முறைப்படி பதிவு செய்யப்பட்டது. மூடியைப் பற்றி ஆராய ஒரு குழு அமைந்தது. அது மூன்று முறை கூடி, பஜ்ஜி தின்று, மூடி போட்டால் தொழிலாளரின் 'விழிப்புணர்வு' குறைந்துவிடும் என்று எச்சரித்துக் கலைந்தது.

முதலாளி மனம் தளரவில்லை. கை நோவு தீர்ந்தால் அம்மனுக்கு வெள்ளித் தகட்டில் கை உருவம் வாங்கிப் போடுவது ஊர் வழக்கம். நோவு வந்தபின் போடுவது பழைய நிர்வாகம், வருமுன் போடுவதே நவீன நிர்வாகம் என்று அவர் கண்டுபிடித்தார். ஆளுக்கு ஒன்றாக ஐம்பத்திரண்டு கைகள் வந்து இறங்கின.

வெள்ளிக்கிழமை ஆலைக்கு எதிரே காளியம்மன் கோயிலில் பூசை. ஆர்டர் அவசரம் என்பதால் மெஷினை மட்டும் நிறுத்தவில்லை. முதலாளி கைகள் நிறைந்த தாம்பாளத்தோடு நின்று, "இனிமே எல்லாத்தையும் ஆத்தா பாத்துக்குவா. இப்பத் தைரியம் வந்துச்சா?" என்று சின்னப்பிள்ளையைக் கேட்டார். ரகுநாத் செல்போனில் வீடியோ எடுக்கத் தொடங்கினார்.

வந்துச்சு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் பெல்ட் ஓடும் சத்தம் கோயில் வரை கேட்டது. அவளுக்குப் பயத்தை மீறிக் கோபம் வந்தது.

"ஆத்தாளுக்கு எட்டுக் கை இருக்குங்கய்யா, எங்களுக்கு ரெண்டுதான். எட்டுக் கைக்காரிக்கு இம்புட்டுக் கை வாங்கிப் போடுறீங்க. ரெண்டையும் உங்க மெஷின்ல நீட்டிக்கிட்டு நிக்கிற எங்களுக்கு ஒரு மூடி வாங்கிப் போட மனசு வரலையே."