முதலில் பெருக்கு, பிறகு கூட்டு

சிட்லபாக்கம் ஏரி நிரம்பாத வருஷம் உண்டு. போட்மாஸ் சாரின் கணக்கு தப்பிய நாள் கிடையாது. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ஓய்வு பெற்றவர். முதலில் அடைப்புக்குறி, அடுத்து வகுத்தல் பெருக்கல், கடைசியில் கூட்டல் கழித்தல். பள்ளியோடு நாம் மறந்துவிட்ட இந்த ‘போட்மாஸ்’ வரிசையில்தான் உலகம் நடக்கிறது என்பார். இட்லிப் பொட்டலத்தைக்கூட, "அடைப்பை நீக்கு" என்று சொல்லித்தான் பிரிப்பார்.

வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் ஒருநாள், "முதல்ல பெருக்கணும், அப்புறம்தான் கூட்டணும்" என்றார்.

"ரெண்டும் ஒண்ணுதானே சார்?" என்றார் அந்த அக்கா.

அன்று மதியம் சார் சாப்பிடவில்லை.

இதற்கெல்லாம் சிரிக்கலாம். பம்மல் ஷேர் ஆட்டோவில் நடந்ததற்கு என்னால் சிரிக்க முடிந்ததில்லை. டிரைவரைத் தவிர நான்கு பேர். இரண்டு முறை எண்ணினேன். சார் மட்டும், "மூணே முக்கால்" என்றார்.

"இன்னா சார், முக்கால் யாரு?" என்றார் டிரைவர்.

"பின்சீட்டுப் பெரியவர். கால் இறங்கியாச்சு."

பெரியவர் குனிந்து தன் இரண்டு கால்களையும் பார்த்துக்கொண்டார். "இங்கதானே கீது?"

ஒன்பதாம் நாள் பம்மலில் ஒரு சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். அதே முகம்.

எனக்கோ இதயத்தில் இரண்டு ஸ்டென்ட், தினம் ஏழு மாத்திரை. நாற்பத்தொரு நாள் பொறுத்தேன். பிறகு ஏரிக்கரை சிமென்ட் பெஞ்சில் கேட்டேவிட்டேன்.

"எனக்கு எவ்வளவு சார்?"

"வேணாம், விடுங்க."

"சொல்லுங்க சார், தூக்கமே வரலை."

நான் முழுதாக இருக்கிறேனா என்று எண்ணுவதுபோல் என்னை நெடுநேரம் பார்த்தார். என் டைரியை வாங்கி எழுதினார்: 2½ + 1½ × 3⅓. எந்த எண் எதற்கென்று சொல்லவில்லை. நான் கண்களை மூடிக்கொண்டேன்.

"பதிமூணு வருஷம், மேல நாலு மாசம். போதுமா?"

"தாராளம் சார்!"

அன்று இரண்டு போண்டா தின்றேன். அடுத்த ஆடியில் அவர் காலமானார்.

போன வாரம் அந்த டைரி கையில் கிடைத்தது. தெருவிளக்கைக்கூட எண்ணாமல் விடாத நான், பயத்தில் அந்த ஒரு கணக்கை மட்டும் போட்டுப் பார்த்ததே இல்லை. போட்டேன். முதலில் பெருக்கல்: ஒன்றரையை மூன்றே மூன்றில் ஒன்றால் பெருக்கினால் ஐந்து. அதோடு இரண்டரை.

ஏழரை.

மறுபடி போட்டேன். ஏழரைதான். தேதியைப் பார்த்தேன். அந்த ஏழரை வருஷம் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. நாடியைப் பிடித்து எண்ணினேன், ஓடிக்கொண்டிருந்தது.

பதிமூன்று எப்படி வந்தது? இரண்டரையையும் ஒன்றரையையும் முதலில் கூட்டிவிட்டுப் பெருக்கினால் வரும். வரிசையை மதிக்காத ஒரு சொல்லுக்காகப் பட்டினி கிடந்த மனிதர், எனக்காக முதலில் கூட்டியிருக்கிறார்.

இன்று காலை அதே பெஞ்சில் தனியாக உட்கார்ந்தேன். பழக்கதோஷம், எண்ணிப் பார்த்தேன். ஒன்றரைப் பேர்.

கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டேன்.