மான்லிக்குப் போன மார்க்கன் படகு

கைபேசியில் "கணேசலிங்கம் மச்சான், ஹொலண்ட்" என்று பெயர் விழுந்தபோது, சிட்னி ஹோம்புஷ்வாசியான ஜெயரட்ணம் அந்த ஹொலண்டிலேயேதான், மார்க்கன் என்ற துறைமுகக் கிராமத்துக்குப் போகும் படகில் இருந்தார்.

"எடாதேங்கோ," என்றாள் மனைவி நிரஞ்சினி.

"எடுக்காட்டி மகளுக்குப் போன் அடிப்பார். துவாரகாவுக்குப் பொய் சொல்லத் தெரியாதப்பா."

கணேசலிங்கம் நிரஞ்சினியின் ஒரே தமையன். ஹொலண்டுக்கு வந்த சொந்தக்காரர் தன் வீட்டில் கை நனைக்காமல் போனால், அவர்களுடைய நல்லது கெட்டதுக்கு அவர் எட்டியும் பார்க்கமாட்டார். தன் சம்பந்தியின் புதுவீட்டுக் குடிபூரலுக்கே இப்படித்தான் போகவில்லை. வருகிற தை மாதம் துவாரகாவின் கலியாணம். தாய்மாமன் வராத கலியாணம் என்றால் ஊர் சும்மா இருக்குமா?

ஜெயரட்ணத்தின் பக்கமும் நியாயம் இருந்தது. நாலு தரம் ஐரோப்பா வந்தும் அவர் கண்டதெல்லாம் சொந்தக்காரர் வீட்டுச் சோபாவும் புட்டும்தான். இந்த முறை ஒருவருக்கும் மூச்சுக் காட்டாமல் வந்திருந்தார். பச்சை நிற மரவீடுகளும் பாய்மரங்களும் கிட்ட வரவர, சந்தோஷத்தில் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"ஹலோ மச்சான்."

"என்ன ஒரே இரைச்சல்? எங்க நிக்கிறியள்?"

"ஃபெரியில மச்சான். இங்க சிட்னியில, மான்லி பீச்சுக்குப் போறம்."

மறுமுனையில் குரல் உயர்ந்தது.

"மான்லிக்கோ? எத்தினை மணிக்கு இறங்குவியள்?"

போனில் காதை ஒட்டிக்கொண்டிருந்த நிரஞ்சினி, "அண்ணை பிடிச்சிட்டார்," என்று கிசுகிசுத்தாள்.

"இன்னும் பத்து நிமிசத்தில மச்சான்."

அந்த நேரம் பார்த்துப் படகின் ஒலிபெருக்கி டச்சு மொழியில் முழங்கியது.

"அது டச்செல்லே?"

"ஓம் ஓம். ஹொலண்டில இருந்து ஒரு கூட்டம் டூர் வந்திருக்கு. அவைக்குத்தான் விளங்கப்படுத்துறாங்கள்."

"அப்ப நல்லதாப் போச்சு. ஒராளிட்ட போனைக் குடுங்கோ, நானொருக்காக் கதைக்கிறன்."

ஜெயரட்ணம் சுற்றுமுற்றும் பார்த்தார். போனைப் பொத்திக்கொண்டு, பக்கத்தில் ஆப்பிள் கடித்துக்கொண்டிருந்த டச்சு அம்மாளிடம் ஆங்கிலத்தில் மன்றாடினார். இது சிட்னி என்று சொல்லுங்கள், என் மகளின் கலியாணமே உங்கள் வாயில்தான் இருக்கிறது என்றார்.

அம்மாளுக்குக் கண் பளபளத்தது. ஆப்பிளை வைத்துவிட்டுப் போனை வாங்கினாள். கதைத்தாள், சிரித்தாள், பிறகு குரலைத் தாழ்த்தினாள். இடமும் வலமும் கையை ஆட்டி எதையோ விளக்கினாள். ஜெயரட்ணத்துக்கு விளங்கியது "சிட்னி" என்ற ஒரு சொல் மட்டும்தான். நிரஞ்சினி நல்லூர் முருகனைக் கூப்பிடத் தொடங்கிவிட்டாள்.

ஒருவழியாகப் பேச்சு முடிந்து போன் கைக்கு வந்தது.

"நம்பிவிட்டாரா?" என்று கேட்டார் ஜெயரட்ணம்.

"முழுவதும் நம்பிவிட்டார். பாவம், நடுங்கிப் போனார்," என்றாள் அம்மாள். "உங்கள் கண்ணில் படாமல் தப்பிக்க எந்தப் பக்கம் ஓடலாம் என்று கேட்டார், அவரும் மனைவியும் உங்களுக்குச் சொல்லாமல் சிட்னி வந்து மூன்று நாளாம், இப்போது மான்லியில்தான் நிற்கிறார்களாம்."