சொல்தா வீட்டுக் கல்யாணமும் என் ஜப்பான் பிரஷ்களும்

அதிக விலை கொடுத்து ஒரு பொருளை வாங்கியவர்களால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. அது ஏன் அந்த விலை என்று ஊரில் ஒருவர் விடாமல் விளக்கிக்கொண்டே இருப்பார்கள். கேட்பவரை நம்பவைக்க அல்ல, தன்னையே நம்பவைக்க. ஜப்பானிலிருந்து மேக்கப் பிரஷ் வரவழைத்த புதிதில் நான் அப்படித்தான் பேசித் திரிந்தேன். பால் பாக்கெட் போடுகிறவர் என் தலை தெரிந்தாலே வண்டியை நிறுத்தாமல் பாக்கெட்டை வாசலில் வீசிவிட்டுப் போக ஆரம்பித்தார். (அதில் இரண்டு பாக்கெட் உடைந்தது. அதையும் பிரஷ் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.)

அப்போது நான் கதிர்காமத்தில் ஒரு பியூட்டி பார்லரில் வேலை செய்துகொண்டிருந்தேன். புருவம் திருத்துவது, முகத்துக்கு பேக் போடுவது, முதலாளியம்மா மணப்பெண்ணுக்கு மேக்கப் போடும்போது பக்கத்தில் நின்று பஞ்சு எடுத்துக் கொடுப்பது. கொஞ்ச நாளில் பஞ்சு எடுத்துக் கொடுத்தவளே மேக்கப்பையும் போட ஆரம்பித்தேன். பெயர் மட்டும் முதலாளியம்மாவுக்கு. தனியாகப் போய்விட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. பெரிய இடத்துக் கல்யாணங்களைப் பிடிக்க வேண்டுமென்றால் பெட்டியைத் திறந்ததுமே ஆள் அசந்துபோக வேண்டும் என்று முடிவு செய்து, சீட்டு எடுத்த பணத்தை முழுசாகக் கொண்டுபோய் அந்த பிரஷ்களில் கொட்டினேன்.

மூலக்குளத்தில் எங்கள் வீட்டில் பார்சலைப் பிரித்தபோது என் கணவர் சேகர், மாமியார், நான் மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்திருந்தோம். சேகர் ஏசி மெக்கானிக். ஒரு பிரஷ்ஷைத் தூக்கிப் பார்த்தார்.

"செவுத்துக்கு அடிக்கிற பிரஷ்ஷே இதவிடப் பெருசா இருக்கும். இதுக்கா இவ்ளோ?"

"இது கையால செஞ்சதுங்க. முடியோட நுனிய வெட்டவே மாட்டாங்க. ஒவ்வொரு முடியா பாத்து, கோணலா இருக்கறத கழிச்சிட்டு, நுனிய நுனியா அடுக்கிக் கட்டுவாங்க. அதான் மொகத்துல பட்டா பட்ட மாதிரியே தெரியாது."

"பட்ட மாதிரி தெரியாததுக்கு எதுக்கு துட்டு?" என்றார். அவர் நியாயம் அவருக்கு.

மாமியார் பெரிய பிரஷ்ஷைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். முகம் ஒரு கணம் மாறியது. "எதுனோட முடி?"

"பெருசு ஆட்டு முடி அத்தை. சின்னது அணில் முடி."

"அணிலா?" என்று உடனே கீழே வைத்துவிட்டார். "ராமர் தடவிக் குடுத்த முதுகாச்சே. அத போயி செரைச்சி வச்சிருக்கானுங்களே."

அத்துடன் எங்கள் வீட்டில் என் பிரஷ்களுக்கு மரியாதை முடிந்தது.

மரியாதை விஷயத்தில் எனக்கு ஏற்கெனவே ஒரு புண் இருந்தது. எங்கள் வீட்டில் ஆயுத பூஜை என்றால் சேகரின் ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர், கேஸ் சிலிண்டர், பைக், கூடவே மிக்சி, அரிவாள்மனை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பூ. துருப்பிடித்த ஒரு சுத்தியலுக்குக்கூடப் பொட்டு உண்டு. என் மேக்கப் பெட்டி மட்டும் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். பிரஷ் வாங்குவதற்கு முந்தைய வருடம் நான் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"என் பொட்டிக்கு மட்டும் ஏன் அத்தை வைக்கல? அது இன்னா குப்பையா?"

"அது அலங்காரச் சாமான்மா. தொழில் சாமானுக்குத்தான் படைப்பாங்க."

அந்த வீட்டு வாடகையில் பாதியை அலங்காரச் சாமான்தான் கட்டிக்கொண்டிருந்தது. அன்று சுண்டலைத் தொடாமல் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊருக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டேன் என்று சேகர் இன்றைக்கும் சொல்கிறார். போட்டிருப்பேன். அதற்கான கூலியை அடுத்த வருடமே வட்டியோடு வாங்கிக்கொண்டேன்.

எங்கள் தொழிலில் புரட்டாசி என்றால் பட்டினி. எங்கள் ஆட்கள் யாரும் அந்த மாதத்தில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். கிறிஸ்தவக் கல்யாணங்கள்தான் கஞ்சி ஊற்றும். அப்படி ஒரு புரட்டாசியில்தான் சொல்தா வீட்டுக் கல்யாணம் வந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களை, பிரெஞ்சுக்காரன் ஆண்ட எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் அப்படி ஒருவரின் மகள், எலிஸ். மாப்பிள்ளை பாரிஸ்காரர். எலிஸ் பார்லருக்கு வந்தபோது நான் போட்ட மேக்கப் பிடித்துப்போய், கல்யாணத்துக்கு நேராக என்னையே கேட்டாள். அவளுடைய சித்தப்பா, பெரியப்பா பெண்கள் மூன்று பேருக்கு அடுத்தடுத்துக் கல்யாணம் இருந்தது. "இது நல்லா வந்தா அவங்களுக்கும் நீங்கதான் அக்கா" என்றாள்.

இது போதாதா எனக்கு? மறுநாளே முதலாளியம்மாவிடம் போய், வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்று சொன்னேன். சொன்னதோடு விட்டேனா, போகிற போக்கில் அவருடைய பிரஷ்கள் வெள்ளையடிக்கத்தான் லாயக்கு என்று ஒரு வார்த்தையும் விட்டேன்.

கல்யாணம் ஆயுத பூஜைக்கு மறுநாள் சாயங்காலம். பூஜையன்று நான் எலிசுக்கு நகப்பூச்சும் ஃபேஷியலும் முடிக்கப் போயிருந்தேன். பிரஷ்களை அலசி, வீட்டில் ஒரு துண்டின் மேல் படுக்கப்போட்டுக் காயவைத்திருந்தேன். (அவற்றை நிற்கவைத்துக் காயவைக்கக் கூடாது, தண்ணீர் பிடிக்குள் இறங்கிவிடும் என்ற உபதேசத்தை எங்கள் தெருவே அறியும்.)

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், கூடத்தில் சாமி படத்துக்கு முன்னால், ஸ்பேனர்களுக்கு நடுவில் என் பெட்டி. மூடியின் மேல் சந்தனமும் குங்குமமும், ஒரு முழம் சாமந்தி. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலிருந்தே எட்டிப் பார்த்தேன்.

"இந்த வருசம் உனுக்கும் படைச்சாச்சு. எல்லாத்துக்கும் வச்சிட்டேன், இனிமே கொற சொல்லாத" என்றார் மாமியார்.

எல்லாத்துக்கும் என்றால் எதற்கெல்லாம் என்று கேட்கத் தோன்றவில்லை. பிரஷ்கள் பெட்டிக்குப் பக்கத்தில் அவற்றின் துணி உறைக்குள் ஒழுங்காகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. யாரோ பொறுப்பாக எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று அதற்கும் சேர்த்து மனசுக்குள் நன்றி சொன்னேன். படைத்த சாமானை மறுநாள்தான் எடுக்க வேண்டும் என்பதால் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

மறுநாள் மத்தியானம் எலிசின் அறையில் பெட்டியைத் திறந்தேன். வெள்ளை கவுன் போட்டு, அதன் மேல் ஒரு போர்வையைச் சுற்றி அவளை உட்காரவைத்திருந்தார்கள். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. எலிசின் அத்தை ஒருவர் பாரிஸிலிருந்து வந்திருந்தார். எல்லோரும் அவரைத் தாந்த் என்று கூப்பிட்டார்கள், பிரெஞ்சில் அத்தை என்று அர்த்தமாம். நான் உறையை விரித்ததும் தாந்த் குனிந்து பார்த்தார். பிரஷ்ஷுக்கு அவர் வாயில் பின்சோ என்று பெயர்.

"ஜப்பான் பின்சோவா? பாரிஸ்ல இத கடைல கண்ணாடிக்குள்ள வச்சிருப்பான். நீ எப்படிம்மா வாங்குன?"

அவ்வளவுதான், எனக்கு மேடை கிடைத்துவிட்டது. "மத்த பிரஷ் பவுடரைப் பொலபொலன்னு கொட்டிடும் மேடம். இது முடிக்குள்ள புடிச்சி வச்சிக்கிட்டு, நம்ம கேக்கும்போது கொஞ்சங்கொஞ்சமா சமமா விடும். வெல ஜாஸ்திதான், ஆனா வேல காட்டும் பாருங்க."

வேலை காட்டியது.

கண், உதடு எல்லாம் சின்ன பிரஷ்களில் முடிந்தது. ஒன்றிரண்டு கொஞ்சம் விறைப்பாக இருந்தன, காய்ந்தது போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன். கடைசியாகப் பெரிய ஆட்டு முடி பிரஷ்ஷை எடுத்து, நிறமில்லாத பவுடரைத் தொட்டு, நெற்றி, கன்னம், கழுத்து என்று வளைத்து வளைத்துப் பூசினேன். எலிசின் முகத்தில் ஒரு இளஞ்சிவப்பு ஏறியது. நான் அதைப் போடவில்லையே என்று எனக்கு உறைப்பதற்குள், "ஆகா, ரூழ் எவ்ளோ நைசா எறங்கியிருக்கு" என்று தாந்த் கன்னச் சிவப்பைப் பாராட்டிவிட்டார். பாராட்டை மறுக்க எனக்கு மனசு வரவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே மேக்கப் நிற்பதற்கான ஸ்பிரேயை முகம் முழுக்க அடித்தேன்.

ஈரம் பட்டதும் இளஞ்சிவப்பு ரத்தச் சிவப்பாகியது. முதலில் நெற்றி, பிறகு இரண்டு கன்னம், மூக்கு, கழுத்து. நான் பதறிப்போய் பஞ்சால் துடைத்தேன். துடைத்த இடமெல்லாம் பரவியது. எவ்வளவு சமமாகப் பரவியது தெரியுமா! ஒரு கோடு, ஒரு திட்டு கிடையாது. கழுத்திலிருந்து ஒரு சொட்டு வழிந்து கவுனின் லேஸில் இறங்கியது. அப்போதுதான் அந்த அறையில் சந்தன வாசனை அடிப்பது எனக்கு உறைத்தது.

எலிசின் அம்மா கிட்ட வந்து மகளின் நெற்றியைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்தார்.

"குங்குமமாம்மா இது?" என்றார். கோபமாகக்கூட இல்லை, புரியாமல் கேட்டார்.

தாந்த்தான் பேசினார். "கோயில்ல பூஜ பண்ண பின்சோவ கொண்டாந்து எங்க பொண்ணு மூஞ்சில தேச்சிருக்கியா? அவ சர்ச்சுக்குப் போவணுமா, தீ மிதிக்கப் போவணுமா?"

எலிஸ் கண்ணாடியைப் பார்த்து அழ ஆரம்பித்தாள். அந்த அழுகை மையையும் சேர்த்து இறக்கியது. நான் வாயைத் திறந்தால் "அத்தை, அத்தை" என்றுதான் வருகிறது. அவர்களுக்கு அது எந்த அத்தை என்று விளங்கவில்லை. சோப்புப் போட்டு முகத்தைக் கழுவி, குங்குமச் சாயம் போகாத கன்னத்தோடு, பக்கத்துவீட்டுப் பெண்ணின் கைப்பையில் இருந்த சாமான்களை வைத்து யாரோ ஒப்பேற்றினார்கள். லேஸ் கறைக்கு மேல் ஒரு வெள்ளை ரோஜாவைக் குத்தினார்கள். அதற்குள் சர்ச் மணி அடித்துவிட்டது.

எலிசின் அப்பா கதவருகே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம். "நீங்க கெளம்புங்கம்மா" என்றார். என் பெட்டியை அவரே மூடி என் கையில் கொடுத்தார்.

வீட்டில் மாமியார் நடந்ததைச் சாவகாசமாகச் சொன்னார். "பொறவு எங்க வைக்கச் சொல்ற? புடியிலதான் மொதல்ல வச்சேன். கண்ணாடி மாதிரி வழுக்குது, பொட்டு நிக்கவே இல்ல. அதான் முடியில வச்சேன். படைச்சி முடிச்சதும், மறுநாளு உனுக்கு வேணுமேன்னு ஈரத்துணியால நல்லா தொடச்சி, ஃபேனுக்கடியில காயவச்சித்தான் சுருட்டுனேன். வெளிய ஒரு பொட்டுகூட தெரியலியே."

தெரியாது. அதற்குத்தானே அத்தனை விலை. உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும்.

"நீதான போன வருசம் கேட்ட?" என்றார் மறுபடி. பாவம், அந்த அம்மாவை எதில் சேர்ப்பது? என் தொழிலைத் தொழில் என்று அவர் முதன்முதலாக ஒப்புக்கொண்ட நாள் அது. அந்த ஒப்புதலே தொழிலைத் தின்றுவிட்டது. என்னால் கோபத்தைக்கூட முழுசாகப் பட முடியவில்லை. பட முடியாத கோபம் எவ்வளவு நாளைக்கு உள்ளேயே கிடக்கும் என்பதை அப்புறம் தெரிந்துகொண்டேன்.

சேகர்தான் முதலில் சிரித்தார். அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு மாமியாரும் சேர்ந்துகொண்டார்.

எலிசின் சொந்தக்காரப் பெண்கள் மூன்று பேருக்கும் கல்யாணம் நடந்தது. போகிற வழியில் பந்தல் பார்த்தேன். நான் பார்லருக்கே திரும்பிப் போனேன். முதலாளியம்மா, வெள்ளையடிக்கத்தான் லாயக்கு என்று நான் சொன்ன அதே பிரஷ்களை என் கையில் கொடுத்து, "அலசி வை கலா" என்றார். அலசி வைத்தேன். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன்.

சேகரின் கதை மட்டும் வருடா வருடம் வளர்கிறது. எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது கேட்பார்கள், இவர் ஆரம்பித்துவிடுவார். "எங்க வூட்டுக்காரி இருக்காளே, ஒரு சொல்தா பொண்ண ஒரே நிமிசத்துல மதம் மாத்திட்டா. பாதிரியாரே பயந்துட்டாரு." பாதிரியார் அந்த இடத்திலேயே இல்லை. சர்ச்சுக்குள் தேங்காய் உடைத்ததாகக்கூட ஒரு வடிவம் உண்டு. கதை எப்போதும் எலிஸ் கண்ணாடியைப் பார்க்கும் இடத்தில் முடிந்துவிடும். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

போன தையில் என் நாத்தனார் வசந்தா அக்கா மகளுக்குக் கல்யாணம். மேக்கப்புக்குச் சென்னையிலிருந்து ஒரு பெண்ணை வரவழைத்திருந்தார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை. மணமகள் அறையில் சேகர் வாசலில் நின்றபடியே கதையைச் சொல்லி முடித்தார். அறையே குலுங்கிச் சிரித்தது. அந்தச் சென்னைப் பெண்ணும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டு, தன் உறையை மேசையில் விரித்தாள். கறுப்புப் பிடி, நுனி வெட்டாத முடி.

வசந்தா அக்கா பக்கத்தில் இருந்த சம்பந்தியம்மாவிடம் பெருமையாகச் சொன்னார்: "ஜப்பான் பிரஷ்ஷுங்க. கையாலயே செய்றதாம். அதான் ரேட்டு ஜாஸ்தி. ஆனா குடுக்கலாம், வேல அப்படி."

சேகர் ஆமாம் என்று தலையாட்டினார்.

"அக்கா, நீங்க சும்மாதான இருக்கீங்க, இத கொஞ்சம் புடிங்க" என்று அந்தப் பெண் ஒரு டப்பாவை என் கையில் வைத்தாள். அவள் கை நீட்டும்போதெல்லாம் ஒவ்வொரு ஹேர்பின்னாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.