பட்டுப்புடவை கட்டிப் பூங்கா மீட்கப் போனேன்

வாய் திறக்காத பெண்ணை எல்லாரும் நல்லவள் என்கிறார்கள். நானும் அப்படித்தான் பேர் வாங்கினேன். உண்மையில் எனக்கு வெறும் கூச்சம். பஸ்ஸில் 'நிறுத்துங்க' என்று சொல்லக் கூச்சப்பட்டு, கருவேப்பிலங்குறிச்சியில் இறங்க வேண்டியவள் அடுத்த ஊரில் இறங்கித் திரும்பி நடந்திருக்கிறேன். அப்பேர்ப்பட்டவள் ஒரு நாள் ஊரே கேட்க மைக்கில் பேசினேன்.

எங்கள் தெருமுனையில் நகராட்சிப் பூங்கா இருக்கிறது. முட்டி வலிக்கு நடக்கச் சொன்னார் டாக்டர். ரோட்டில் நடந்தால் நாலு பேர் பார்ப்பார்கள். பூங்காவில் செடி மறைவாக நடக்கலாம். ஆனால் வருஷா வருஷம் அங்கே கண்காட்சி போட ஆரம்பித்தார்கள். ஒரு மாசம் டிக்கெட் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ராட்டினத்துக்குக் குழி, டில்லி அப்பளக் கடை, காது கிழிய ஸ்பீக்கர். அவர்கள் கிளம்பும்போது புல்லும் போயிருக்கும், என் முட்டியும் போயிருக்கும்.

அந்த வருஷம் பக்கத்து வீட்டு மல்லிகா டீச்சர் பொறுக்கவில்லை. திறப்பு விழா அன்றைக்கே தெருப் பெண்கள் எல்லாரும் வாசலில் நின்று தடுப்பது என்று முடிவு.

"நான் என்னாத்தங்க பேசப் போறேன் டீச்சர்" என்றேன்.

"ஒரே வரிதான்க்கா. 'இது புள்ளைங்க வெளயாடற எடம், யாவாரம் பண்ற எடமில்ல.' நல்ல பொடவையா கட்டிக்கிட்டு வாங்க, அப்பதான் மதிப்பானுங்க."

அரிசி களையும்போதெல்லாம் அந்த வரியைச் சொல்லிப் பார்த்தேன். பீங்கான் கம்பெனியில் வேலை முடிந்து வந்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"யாருகிட்ட பேசற?"

"அரிசிகிட்ட."

"பதில் சொன்னா என்னையும் கூப்புடு."

அன்றைக்குக் கல்யாணப் பட்டைக் கட்டி, பூ வைத்து, யாரும் பார்க்கும் முன்னால் போய்விடலாம் என்று சீக்கிரமே கிளம்பினேன். வாசலில் ஒருவரும் இல்லை. நல்ல வெயில். உள்ளே போய் என் வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்திலேயே மேடை போட்டிருந்தார்கள். மஞ்சள் சட்டை போட்ட கண்காட்சிக்காரர் ஓடி வந்தார்.

"அம்மா, வெளக்கேத்த வரேன்னவங்க வரல. நல்ல நேரம் முடியப் போவுது. மகாலட்சுமியாட்டம் இருக்கீங்க, ஏத்திவுட்டுட்டுப் போங்க."

"இல்லீங்க, நான் வந்து..."

"பரவால்லம்மா, யாரா இருந்தா என்ன."

கையில் மெழுகுவத்தியைத் திணித்துவிட்டார். குத்துவிளக்கு முன்னால் நிற்கவைத்த பிறகு ஏற்ற மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? (அபசகுனம் இல்லையா?) மூன்றாவது திரி ஏற்றும்போது நிமிர்ந்தேன். வாசலில் அட்டை பிடித்துக்கொண்டு எங்கள் தெரு மொத்தமும் நின்றது. முன்னால் டீச்சர்.

மீதித் திரிகளை எப்படி ஏற்றினேனோ தெரியாது. அதற்குள் மைக்கை நீட்டி, "ரெண்டு வார்த்தை சொல்லுங்கம்மா" என்றார் மஞ்சள் சட்டை.

என்னிடம் இருந்ததே ஒரு வரிதான். அது தானாக வந்தது.

"இது புள்ளைங்க வெளயாடற எடங்க. யாவாரம் பண்ற எடமில்லீங்க."

ஸ்பீக்கர் அதை நாலு தெருவுக்கும் கொண்டுபோனது. வாசலில் கைதட்டினார்கள். டீச்சர் முகம் பூரித்துப் போனது. அங்கேயே இறங்கியிருந்தால் இன்றைக்கு நான் தலைவி.

ஆனால் மஞ்சள் சட்டையின் முகம் தொங்கிப்போயிருந்தது. விசேஷம் நடத்துகிறவர் முகம் வாடினால் எனக்குத் தாங்காது. வீடு வீடாகப் பத்திரிகை வைத்துச் சொல்லிப் பழகிய வாய் மறுபடி திறந்தது.

"தப்பா நெனச்சுக்காதீங்க. எல்லாரும் அவசியம் குடும்பத்தோட வந்துடணும். இருந்து சாப்ட்டுத்தான் போவணும்."

இப்போது மேடையில் கைதட்டல். பொன்னாடை போர்த்தி ஒரு பீங்கான் பொம்மையும் கொடுத்தார்கள். (எங்கள் வீட்டில் அது ஒன்றுதான் குறைச்சல்.)

வாசலுக்கு வந்தேன். "நீங்க எந்தப் பக்கம்க்கா?" என்றார் டீச்சர். பீங்கான் பொம்மையைப் பொன்னாடைக்குள் மறைத்தேன். அட்டைகளைச் சுருட்டிக்கொண்டு எல்லாரும் போய்விட்டார்கள்.

மறுநாள் தெருவில் விளம்பர ஆட்டோ வந்தது. மைக்செட்காரர் என் பேச்சைக் கேசட்டில் பிடித்து, முதல் வரியை வெட்டிவிட்டு மீதியைப் போட்டுவிட்டார். கண்காட்சி முடியும்வரை தினம் சாயங்காலம் என் குரல் ஊரைக் குடும்பத்தோடு அழைத்தது. சாப்பாடு எங்கே என்று கேட்டு டிக்கெட் கவுன்டரில் சண்டையே நடந்ததாம். நான் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. வீட்டுக்காரர் மட்டும், "இம்மாந்தூரம் கூப்புடற, போவலன்னா மரியாதையா இருக்காது" என்று போய் ராட்டினம் சுற்றிவிட்டு வந்தார்.

டீச்சர் விடவில்லை. ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, அடுத்த வருஷம் கண்காட்சியை ஊருக்கு வெளியே துரத்திவிட்டார். முதல் ஆபீஸுக்குக் கிளம்பிய அன்று எங்கள் வீட்டுக்கு வந்தார். "அக்கா, நீங்க எங்களுக்காக ஒண்ணு செய்யணும். வூட்டுலயே இருக்கணும்." என் பங்கை ஒழுங்காகச் செய்தேன். முட்டியும் தேறியது.

ஆனால் இத்தனை வருஷம் கழித்து என் மகன் அந்தக் கேசட்டை எங்கேயோ தேடி வாங்கி, தன் போனுக்கு ரிங்டோனாக வைத்துவிட்டான். போன மாசம் ஒரு துக்க வீட்டில், பாடியைக் கிடத்தி எல்லாரும் அமைதியாக உட்கார்ந்திருந்தபோது, அவன் பாக்கெட்டிலிருந்து நான் கூப்பிட்டேன். "எல்லாரும் அவசியம் குடும்பத்தோட வந்துடணும்."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முதலில் எழுந்து வெளியே ஓடியது மல்லிகா டீச்சர்தான்.