சம்பந்தியின் கலப்பு மீன்

மீன் விஷயத்தில் சம்பந்திக்குத் தெரியாதது எதுவுமே கிடையாது. இது என் கருத்தல்ல. எழுபதுகளில் நான் பெருமாட்டி கிராமத்துக்கு மீன்வளர்ப்பு ஆய்வாளராகப் போன முதல் நாளே அவர் சொன்னது. அவரைப் போன்றவர்களுக்கு ஆலோசனை சொல்லத்தான் எனக்குச் சம்பளம். முதல் மூன்று வருஷம் ஒரு ஆலோசனையைக்கூட அவர் முடிக்க விடவில்லை.

தென்னந்தோப்புக்குள் மூன்று குளம் வைத்திருந்தார். கட்லாவுக்கும் ரோகுவுக்கும் ஜோடி போடப் போவதாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததால் 'சம்பந்தி' என்று பெயர். அவர் மனைவியே அப்படித்தான் கூப்பிட்டார்.

"ஏனுங்க சார், கட்லா தடதடன்னு வளருது. ஆனா பாதி மீன் தலைதானுங்க. ரோகுக்குத் தலை சின்னது, வளர்றதுக்குத்தான் சோம்பல். ரெண்டையும் சேத்துப்போட்டா?"

"சேர்க்கலாம். ஆனால் பிறக்கிற கலப்பு மீனைத் தனிக் குளத்தில்..."

"அதெல்லாம் பாத்துக்கலாமுங்க."

மழை தொடங்கியதும் மீன்களுக்கு முட்டையிட வைக்கும் சினை ஊசி போட்டேன். "பொறுத்துக்க கண்ணு" என்று ஒவ்வொன்றையும் தடவிக் கொடுத்தார். பெண் ரோகுவின் முட்டையைப் பேசினில் பிதுக்கி எடுத்து, மேலே ஆண் கட்லாவின் விந்துப் பாலை விட்டு, கோழி இறகால் கலக்க வேண்டும். சம்பந்தி இறகைக் கையில் எடுத்ததும் தோப்புக்குள் மேளம் கேட்டது. ஆள் வைத்திருந்தார்.

"நல்ல காரியமுங்க. சும்மா பண்ணலாமுங்களா?"

சும்மா சொல்லக்கூடாது, மீன் அருமையாக வந்தது. சின்னத் தலை, அகன்ற உடம்பு, ரோகுவை முந்திய வளர்ச்சி. சித்தூர் சந்தைக்காரர்கள் தேடி வந்து வாங்கினார்கள். அக்கம்பக்கத்தில் ஏழு பேர் குஞ்சு கேட்டு நின்றார்கள்.

மூன்றாம் வருஷம் வந்தது வினை. அசலையும் கலப்பையும் ஒரே குளத்தில் விட்டிருந்தார். சினைக்கு நின்ற மீனில் எது எதுவென்று எனக்கே தெரியவில்லை. "எனக்குத் தெரியுமுங்க" என்று அவரே பொறுக்கிக் கொடுத்தார். அவருக்கும் தெரியவில்லை. பிறந்த குஞ்சுகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. சிலதுக்குக் கட்லாவின் தலையும் ரோகுவின் சோம்பலும் சேர்ந்தே வாய்த்திருந்தன. நான் கவனிப்பதற்குள் அவை குஞ்சு கேட்ட ஏழு பேர் குளத்துக்கும் போய்விட்டன.

"அவர்களும் இதிலிருந்தே குஞ்சு எடுத்தால், கொஞ்ச வருஷத்தில் இந்தப் பக்கம் அசல் கட்லாவே இருக்காது" என்றேன். அன்றைக்குத்தான் என்னை முழுதாகப் பேசவிட்டார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார்.

"சைக்கிளை எடுங்க சார்."

ஏழு பேரிடமும் போனோம். "தப்பு என்னுதுங்க. இந்த மீனைத் திங்கலாம், விக்கலாம். குஞ்சு மட்டும் எடுக்காதீங்க. அசல் குஞ்சு நானே கொண்டாந்து உடறனுங்க."

கடைசி வீட்டுக்காரர் நிற்க வைத்துத் திட்டினார். சம்பந்தி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "என் தப்புல இன்னும் ரெண்டை உட்டுப்போட்டீங்க" என்று அவற்றையும் தானே எடுத்துச் சொன்னார். அதற்குமேல் அந்த மனிதர் என்னத்தைத் திட்டுவார்? மோர் கொடுத்து அனுப்பினார்.

குளங்களை வற்றவைத்து, அசல் குஞ்சு வாங்கி, சொன்னபடி ஏழு பேருக்கும் கொடுத்தார். அதற்குப் பிறகு மூன்று குளத்திலும் பெயிண்டில் எழுதிய பலகைகள் நின்றன: கட்லா, ரோகு, கலப்பு.

"மீன் படிக்குமா?" என்று கேட்டேன்.

"நான் படிப்பனுங்க சார்."

அடுத்த வருஷம் எனக்கு இடமாற்றல் உத்தரவு வந்தது, சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே. வேண்டாமென்று மனு எழுதினேன். காரணம் கேட்ட இடத்தில் வெகுநேரம் யோசித்து, 'குடும்ப விஷயம்' என்று போட்டேன்.