பூஜைக்குப் போன மாயக்காரி

என் வீட்டுக்காரர் மாணிக்கவாசகம் தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். சரஸ்வதி பூஜையன்று காலை அவர் ஒரு தீர்மானம் போட்டார். என் நாவல்களை ஒழித்துக்கட்டுவது.

நான் பயந்த சுபாவம். குக்கர் விசில் அடிக்கப்போகிறதே என்று பயப்படுவேன். இன்னும் அடிக்கவில்லையே என்றும் பயப்படுவேன். குழந்தை சிம்ரா தூங்கினால் மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். விழித்திருந்தால் எதையாவது விழுங்கிவிட்டாளா என்று பார்ப்பேன். கான்வென்ட்டில் சிஸ்டர்கள் நிமிர்ந்து பார்த்தாலே, செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டுப் பழகியவள்.

இப்படிப்பட்டவளுக்கு ஒரே துணை, பதினாறு வயதுப் பெண்கள் மாயாஜாலம் செய்யும் இங்கிலீஷ் நாவல்கள். இப்போது கையிலிருப்பது நாலு பாகம். அதில் கதாநாயகிக்குப் பயம் வந்தால் விரல் நுனியில் நெருப்பு வரும். எவ்வளவு பயமோ அவ்வளவு நெருப்பு. அந்த வரம் மட்டும் எனக்கு இருந்தால் தி. நகர் முழுக்கத் தீபாவளி நடத்திவிடுவேன்.

"ஒரு பிள்ளையைப் பெத்தாச்சு. உனக்கு எதுக்குச் சின்னப் பிள்ளைங்க புஸ்தகம்?"

"இதுல வர்ற பொண்ணும் என்னை மாதிரி பயப்படறா. ஆனாலும் போறா."

"எங்க போறா?"

"டிராகன் இருக்கிற மலைக்கு."

"நீ ரங்கநாதன் தெருவுக்கே தனியாப் போக மாட்டே."

"அங்க டிராகனே போகாதுங்க. கூட்டத்துல நசுங்கிடும்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. போன வாரம் அவர் காபி கேட்டபோது, "இந்த அத்தியாயம் முடியட்டும்" என்று சொல்லியிருந்தேன். கல்யாணமாகி நான் சொன்ன முதல் மறுப்பு. அது அவர் மனதில் மீன்முள் மாதிரி நின்றுவிட்டது.

நாலு பாகத்தையும் தன் கையாலேயே கொண்டுபோய் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கினார்.

"பூஜையில வச்ச புஸ்தகத்தை இன்னிக்குத் தொட்டா சாமி கண்ணைக் குத்திடும். நாளைக்குப் பூஜை முடிஞ்சதும் நேரா பழைய பேப்பர் கடை. சாயந்தரத்துக்குள்ள இதுல ஒண்ணுகூட இந்த வீட்டுல இருக்கக் கூடாது."

நாலாம் பாகத்தில் கடைசி அத்தியாயம் பாக்கி. கதாநாயகி பிழைப்பாளா மாட்டாளா என்று தெரியாமலே நான் காலத்தை ஓட்ட வேண்டும். பயந்துகொண்டே பூ வைத்தேன். பயந்துகொண்டே முதல் பாகத்தை மேலே எடுத்து வைத்து, ஓரிடத்தில் சாமந்தி இதழ் ஒன்றைச் செருகினேன். விரல் நுனி சுட்டது. ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம். பார்த்தால் கற்பூரத் தட்டு.

மறுநாள் விஜயதசமி. தீபாராதனை முடிந்ததும் கோணிப்பையோடு வந்து நின்றார்.

"எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு பக்கமாவது படிக்கணுமேங்க" என்றேன்.

"சரி, படி."

"நான் வைக்கலையே. வச்சவங்கதானே படிக்கணும். படிக்காம எடைக்குப் போட்டா…"

நான் முடிக்கவில்லை. தீபாவளி வியாபாரத்தை வைத்துக்கொண்டு அந்த வாக்கியத்தை முடிக்கவிட எந்த ஜவுளிக்கடைக்காரருக்குத் தைரியம் வரும்?

உட்கார்ந்தார். சிம்ரா மடியில் ஏறினாள். இதழ் இருந்த பக்கத்தைத் திறந்து ஜி.எஸ்.டி. நோட்டீஸ் வாசிப்பது போல வாசித்து, அவளுக்குத் தமிழிலும் சொன்னார். கதாநாயகி இருட்டில் ஒரு கதவைத் தொடுகிறாள். உள்ளிருந்து யாரோ அவள் பெயரைச் சொல்கிறார்கள். பக்கம் முடிந்தது. மூடினார்.

"உள்ள யாருப்பா?" என்றாள் சிம்ரா.

"தெரியலைம்மா."

"பாருப்பா."

பார்த்தார். கடையிலிருந்து மேனேஜர் சண்முகவேல் போன் செய்தார்: பூஜைக்கு முதலாளிக்காக எல்லாரும் காத்திருக்கிறார்களாம். "கிளம்பிட்டேன், பாண்டி பஜார் சிக்னல்ல நிக்கிறேன்" என்றார் இவர், பூஜையறையில் சம்மணம் போட்டபடி. சிம்ரா எப்போதோ விளையாடப் போய்விட்டாள். பக்கத்தில் சுண்டல் வைத்தேன். அதிலிருந்த மிளகாயை மென்று விழுங்கினார். காரம் என்று சொல்லக்கூட அவருக்கு நேரமில்லை.

விளக்கேற்றும்போது முதல் பாகம் முடிந்தது. சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"பாரதி, அந்த ரெண்டாம் பாகம் எங்க? சிம்ரா கேக்கறா."

சிம்ரா தூங்கிக்கொண்டிருந்தாள்.

"சாயந்தரத்துக்குள்ள வீட்டை விட்டுப் போயிடணும்னு சொன்னீங்களே. மத்த மூணையும் அம்மாகிட்டக் கொடுத்தனுப்பிட்டேன்."

"எந்த அம்மா?"

"எங்க அம்மாதான். வெத்தலை பாக்கு வாங்கிட்டுப் போக வந்தாங்களே. 'நல்லா இருக்கீங்களா மாப்பிள்ளை'ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க. நீங்க நிமிரவே இல்லை."

பாலவாக்கத்தில் என் அம்மா வீட்டுக்கு எப்போது கூப்பிட்டாலும் கடையில் ஸ்டாக் எடுக்கிற நாள் என்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தலை வாருவதற்குள் காரை ஸ்டார்ட் செய்து ஹாரன் அடித்தார்.

அம்மா ரிட்டையர்டான இங்கிலீஷ் டீச்சர். இரண்டாம் பாகத்தின் நடுவில் விரலை வைத்துக்கொண்டே கதவைத் திறந்தாள்.

"வாங்க மாப்பிள்ளை. எனக்கு இன்னும் பாதி இருக்கு. அதுவரைக்கும் சும்மா இருக்காம அந்தத் தேங்காயைத் துருவுங்க."